தீராத தண்ணீர்

வளக் கல்வி வாரியம் என்று ஒன்று இருப்பது அந்த ஊரில் பலருக்குத் தெரியாது. வாரியத்துக்கே அது அவ்வப்போது மறந்துபோகும். ஒருநாள் மேலிடத்தில் யாரோ, "இந்த வாரியம் என்னதான் பண்ணுது?" என்று கேட்டுவைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாரியத்துக்குக் குழந்தைகள் மேல் பாசம் பொங்க ஆரம்பித்துவிட்டது. கூட்டம் போட்டார்கள். எந்த இயற்கை வளம் தீரும், எது தீராது என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றும், எல்லாச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு நடத்துவது, அதை வாரியத் தலைவரே நேரில் வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. எந்தப் பள்ளி என்று தேடியபோது, தலைவர் அலுவலகம் போகிற வழியிலேயே ஒன்று இருந்தது. தேடலும் முடிந்தது.

அந்தப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. மாதிரி வகுப்பை யார் எடுப்பது என்று பேச்சு வந்தபோது மற்ற ஆசிரியர்களுக்கு ஒரே சமயத்தில் இடுப்பு வலி, மகள் பிரசவம், தொண்டைக் கட்டு எல்லாம் வந்துவிட்டன. டீச்சருக்கு எதுவும் வரவில்லை. அதனால் அவர் பெயரே வாரியத்துக்குப் போயிற்று.

டீச்சருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பாடம் நடத்தப் பிடிக்கும். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் நிலக்கரி, பெட்ரோல், டீசல்: எடுத்தால் போச்சு, புதுப்பிக்க முடியாது. அந்தப் பக்கம் வெயில், காற்று, காடு, தண்ணீர்: புதுப்பித்துக்கொள்ளும். புத்தகத்தில் இருப்பதும் அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சு ஓரத்திலிருந்து ஒரு கை எழுந்தது. அந்தப் பெண்ணை வகுப்பே சுண்டெலி என்றுதான் கூப்பிடும். உருவமும் அப்படி, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதும் அப்படி. எழுந்து நின்றால்கூட உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும்.

"டீச்சர், எங்க தெருவுல போர் வத்திப் போச்சு. இப்ப லாரிலதான் தண்ணி வருது. வத்திப்போன தண்ணி எந்தப் பக்கம் டீச்சர்?"

டீச்சருக்கு அந்தக் கேள்வி பண்டம் கிடைத்த மாதிரி இனித்தது. ஒரு சாக்பீஸ் டப்பாவை மேசையில் வைத்தார். ஒரு பையனை நிற்கவைத்து, ஒவ்வொரு சாக்பீஸாக உள்ளே போடச் சொன்னார். ஆறு பேரை வரவழைத்து, இஷ்டத்துக்கு எடுக்கச் சொன்னார். டப்பா காலியானதும் போடுகிற பையன் திருதிருவென்று விழித்தான். வகுப்பு சிரித்தது. "மழை போட்டுக்கிட்டேதான் இருக்கு. நாம எடுக்கிற வேகத்துக்கு அதால போட முடியல. அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

பிறகு கரும்பலகையில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, 'பார்த்துச் செலவழித்தால் மட்டும் தீராதவை' என்று எழுதினார். தண்ணீர் அங்கே வந்தது. காடும் வந்தது. மண்ணைக் கொண்டுவரணும் என்றாள் ஒருத்தி. மீன் என்றான் ஒருவன். தன் அப்பாவின் பொறுமையையும் அதில் எழுத வேண்டும் என்றான் சாக்பீஸ் போட்ட பையன். டீச்சர் எழுதினார். வேலைக்குச் சேர்ந்து அவர் எடுத்ததிலேயே நல்ல வகுப்பு அதுதான்.

அதே வகுப்புக்கு, அதே நேரம் பார்த்து, வாரியத்தின் தொடர்பு அலுவலர் தலைமை ஆசிரியையோடு உள்ளே வந்தார். எதைப் பார்த்தாலும் "சிறப்பு" என்று சொல்வது அவர் வழக்கம். கரும்பலகையைப் பார்த்தார்.

"சிறப்பு. இது என்ன மேடம் மூணாவதா?"

"தண்ணி ரெண்டுலயும் சரியா உக்காரல சார். அதான்."

"தண்ணி எங்க உக்காரணும்னு வல்லுநர் குழு ரெண்டு வருஷம் உக்காந்து முடிவு பண்ணிருக்கு. அதைப் போய் நாம எழுப்பி நிக்க வைக்கலாமா?"

"பிள்ளைங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு சார்."

"வரட்டும். சந்தேகம் ஒம்பதாம் வகுப்புல, ரெண்டாம் பருவத்துல வருது. தனிப் பாடமே வெச்சிருக்கோம். எல்லாத்தையும் அஞ்சாம் வகுப்புலயே சந்தேகப்பட்டு முடிச்சுட்டா, பெரியவங்களானதும் அவங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும், சொல்லுங்க?"

தலைமை ஆசிரியை டீச்சரின் பக்கத்தில் வந்தார். "இது உங்களுக்கு நிரந்தரம் ஆகிற வருஷம் இல்லையா?" என்று மட்டும், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

டஸ்டரை எடுத்தது டீச்சர்தான். யாரும் அவர் கையைப் பிடித்து அழிக்க வைக்கவில்லை. தண்ணீர், காடு, மண், மீன், ஒரு அப்பாவின் பொறுமை எல்லாம் வெள்ளைத் தூளாகி அவர் புடவையில் விழுந்தன. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்ட குழந்தை யாரு?" என்றார் அலுவலர்.

பாராட்டப் போகிறார் என்று நினைத்து டீச்சர் சுண்டெலியைக் காட்டிக்கொடுத்தார்.

"சிறப்பு. நாடகத்துல இந்தக் குழந்தையே தண்ணீரா நடிக்கட்டும். கேட்ட வாயாலேயே பதிலும் வந்துட்டா விஷயம் அதோட முடிஞ்சுது பாருங்க."

நாடகம் என்று ஒன்று இருப்பதே டீச்சருக்கு அப்போதுதான் தெரியும். மாதிரி வகுப்பு அதற்குள் நாடகமாக வளர்ந்திருந்தது. நாடகம், அடுத்த சில நாட்களில், விழாவாக வளர்ந்தது. தீருகிற வளங்களுக்குச் சிவப்புச் சட்டை, தீராத வளங்களுக்குப் பச்சைச் சட்டை. வெயிலாக நடிக்கிற பையன் மேல் படம்பிடிக்கிறவர்கள் வைக்கிற பெரிய விளக்கைப் போட்டார்கள், ஏனென்றால் வெயில் உள்ளே வராதபடி அரங்கத்து ஜன்னல்களையெல்லாம் விழாப் பதாகைகள் மூடியிருந்தன. அட்டையில் செய்த காற்றாலை சுற்றுவதற்கு எதிரே ஒரு பெரிய மின்விசிறி வைத்தார்கள். விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் போதவில்லை என்று மேடைக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் வந்து இறங்கியது. அது போட்ட சத்தத்தில், டீசலாக நடித்த பையன் "நான் சீக்கிரம் தீர்ந்துவிடுவேன்" என்று தொண்டை கிழியக் கத்தியும் முதல் வரிசைக்குக் கேட்கவில்லை.

"சார், ஜெனரேட்டர் டீசல்லதான் ஓடுது" என்றார் டீச்சர்.

"தெரியும் மேடம். அதான் மேல பச்சைத் துணி போட்டாச்சு."

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் நீரூற்று வந்தது. தலைவருக்கு நீரூற்று என்றால் உயிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பள்ளி முற்றத்தில் மூன்றே நாளில் ஒரு வட்டத் தொட்டி கட்டி, நடுவில் குழாய் வைத்து, விளிம்பில் 'நான் தீராதவள்' என்று நீல எழுத்தில் எழுதினார்கள். தொட்டியை நிரப்பத்தான் தண்ணீர் இல்லை. பள்ளி மாடித் தொட்டியில் இருப்பதைச் சேமிப்பதற்காகக் கழிப்பறைகளைப் பூட்டினார்கள். பிள்ளைகள் மதியம் வீட்டுக்கு ஓடிப் போய்விட்டு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. தூரத்து வீட்டுப் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அப்படியும் தொட்டி நிரம்பவில்லை.

அலுவலருக்கு ஒரு யோசனை வந்தது. "மக்கள் பங்களிப்பு இல்லாம எந்தத் திட்டமும் நிக்காது மேடம். ஒவ்வொரு குழந்தையும் வீட்டுல இருந்து ஒரு பாட்டில் தண்ணி கொண்டுவரட்டும்."

டீச்சர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். தலைமை ஆசிரியை தொட்டியைப் பார்த்தார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் அதைச் சொன்னார். சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பாமல், சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதை அந்த வகுப்பு விட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன.

அடுத்த நாள் காலை வாசலிலேயே சுண்டெலியின் அம்மா காத்துக்கொண்டிருந்தார். தையல் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலை. வேலைக்குப் போகிற அவசரம். தலைமுடியிலும் தோளிலும் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கையில் ஒரு பாட்டில்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. முழுசா ரொப்ப முடியல. நேத்து எங்க தெருவுக்கு லாரி வரல. முக்காவாசிதான் இருக்கு."

"அதனால என்னங்க."

"இவளை நாடகத்துல இருந்து மட்டும் எடுத்துடாதீங்க. தூக்கத்துலகூட அதே வசனத்தைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. நாளைக்கு லாரி வந்தா மீதியைக் குடுத்து அனுப்புறேன்."

திருப்பிக் கொடுத்திருக்கலாம். இதை எடுத்துக்கிட்டுப் போங்க அம்மா, புள்ளைக்குக் குடிக்கக் குடுங்க என்று ஒரு வார்த்தை. வராந்தாவில் அலுவலர் நின்றுகொண்டிருந்தார். "வைங்க, பரவாயில்ல" என்று டீச்சர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாப் பாட்டிலையும் கொட்டிய பிறகு தொட்டியின் அடி நனைந்தது. அலுவலர் போனை எடுத்து ஒரு தண்ணி லாரியை வரச்சொன்னார். அது எந்தத் தெருவுக்குப் போக வேண்டிய லாரி என்பது டீச்சருக்குத் தெரிந்திருந்தது.

"சார், அது எங்க பிள்ளைங்க தெருவுக்குப் போற வண்டி. ஏற்கெனவே நேத்து போகல."

"அப்படியா? சிறப்பு. அப்ப அந்தத் தெருவோட பங்களிப்பும் சேர்ந்துடுச்சு."

அன்று வீட்டில் டீச்சர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருப்பவர், எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"தண்ணி தீராதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. வலிக்கவே வலிக்காதுன்னு நாங்க தினமும் சொல்றதில்லையா?"

"நீங்க சொல்றது பெரியவங்ககிட்ட. அவங்க நம்பறதில்ல. இதுங்க நான் சொன்னா நம்பும்."

அவர் எழுந்துபோய்த் தட்டை எடுத்துவைத்தார்.

விழா நாள் வந்தது. தலைவர் சைக்கிளில்தான் வருவார் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். சைக்கிள் ஒரு வேனில் வந்தது. தலைவர் ஒரு காரில் வந்தார். பள்ளி வாசலில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. வாசலிலிருந்து அரங்கம் வரை தலைவர் மிதித்து வந்தார், இரண்டு பேர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இறங்கியதும் சைக்கிளை மறுபடி வேனில் ஏற்றினார்கள். வேனின் இன்ஜினை அதுவரை யாரும் அணைக்கவே இல்லை.

தலைவர் பேசினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மனதில் பட்டதை மறைக்காமல் பேசினார்.

"குழந்தைகளே, நான் உங்க வயசுல ஆத்துல குளிச்சவன். அந்த ஆறு இப்ப இல்ல. ஆனா நான் இன்னிக்கும் குளிக்கிறேன். ரெண்டு வேளை குளிக்கிறேன். அப்ப என்ன அர்த்தம்? தண்ணி தீரலன்னு அர்த்தம். சிலர் பயமுறுத்துவாங்க. தண்ணி இல்ல, தண்ணி இல்லம்பாங்க. எங்க வீட்டுல குழாயைத் திறந்து பாக்கச் சொல்லுங்க. பாக்காம பேசக் கூடாது. அதுதான் அறிவியல்."

கைதட்டினார்கள்.

"இன்னொண்ணும் சொல்றேன். இந்த வாரியமும் ஒரு புதுப்பிக்கத்தக்க வளம்தான். மூணு வருஷத்துக்கு ஒருமுறை என்னையும் புதுப்பிக்கிறாங்க. நான் குறைஞ்சிருக்கேனா?"

குறைந்ததாகத் தெரியவில்லை. மறுபடி கைதட்டினார்கள்.

நாடகம் தொடங்கியது. வெயில் வேர்த்து வழிந்தது. காற்றாலை சுற்றியது. டீசல் பேசியது, ஜெனரேட்டர் பேசியது. கடைசியாக நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு சுண்டெலி மேடையின் நடுவுக்கு வந்தாள். பச்சைச் சட்டையில் ஒன்றுகூட அவள் அளவுக்குக் கிடைக்காததால் மேசை விரிப்பைச் சுற்றிவிட்டிருந்தார்கள். "நான் தண்ணீர். நான் தீராதவள். என்னை எவ்வளவு எடுத்தாலும் மீண்டும் வருவேன்." ஒரு எழுத்து பிசகவில்லை. அத்தோடு இறங்கியிருக்க வேண்டும். தலைவருக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. முன்னால் சாய்ந்து, ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார்.

"ஏம்மா, நிசமாவே நீ தீரமாட்டியா?"

வசனத்தில் இல்லாத கேள்வி. சுண்டெலி உதட்டை நாக்கால் தடவினாள். உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து குடிக்கவில்லையோ என்னவோ. அவள் தலையைத் திருப்பி, மேடை ஓரத்தில் நின்ற டீச்சரைப் பார்த்தாள். மறந்துபோய்ப் பார்க்கிற பார்வை இல்லை அது. எது சொல்லட்டும் டீச்சர் என்கிற பார்வை. டீச்சருக்கு அது நன்றாகவே புரிந்தது. அரங்கம் காத்திருந்தது. அலுவலர் டீச்சரைப் பார்த்தார், தலைமை ஆசிரியை டீச்சரைப் பார்த்தார்.

சத்தம் வராமல் டீச்சரின் உதடு அசைந்தது. மாட்டேன்.

"மாட்டேன்" என்றாள் சுண்டெலி.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. முற்றத்தில் தலைவர் பொத்தானை அமுக்க, நீரூற்று எந்தக் கோளாறும் இல்லாமல் பொங்கி எழுந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. சில பிள்ளைகள் காலி பாட்டில்களோடு தொட்டியை நெருங்கினார்கள். "அதெல்லாம் தொடக் கூடாது. அது பாடம்மா, குடிக்கிற தண்ணி இல்ல" என்று அலுவலர் அன்பாகத் திருப்பி அனுப்பினார். மறுநாள் கொசு வரும் என்று தொட்டியைத் திறந்து சாக்கடையில் விட்டார்கள்.

டீச்சரின் வேலை நிரந்தரமாயிற்று. மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் வாரியம் அவரைக் கூப்பிட்டது. டீச்சர் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. ஆள் வராததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விழாவைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அதையே எல்லாப் பள்ளிகளிலும் போட்டுக் காட்டினார்கள். படத்தில் டீச்சர் இல்லை. சுண்டெலி தலையைத் திருப்பி யாரையோ பார்ப்பதும், திரும்பி "மாட்டேன்" என்பதும் மட்டும் இருந்தன. தயங்கி, யோசித்து, சரியான விடைக்கு வருகிற குழந்தை என்று அதற்கு விளக்கமும் எழுதியிருந்தார்கள்.

அதைப் பார்த்த அன்று மாலையே டீச்சர் சுண்டெலியின் தெருவைத் தேடிப் போனார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் கோத்தார். வாசலில் அந்த அம்மா அவரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். டீச்சர் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வந்துவிட்டது. விளிம்பு வரைக்கும் இருந்தது. மறுத்தால் அவமானப்படுத்துகிற மாதிரி இருக்கும், குடித்தால் வேறு மாதிரி. டீச்சர் குடித்தார்.

சுண்டெலி கதவோரம் வந்து நின்றாள்.

"நான் சரியா சொன்னேனா டீச்சர்?"

"நீ சரியாத்தான் சொன்ன கண்ணு. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். அந்த பதிலே தப்பு. நீ முதல்ல கேட்ட பாரு, அந்தக் கேள்விதான் சரி."

கோத்த வாக்கியம் அதைவிட நீளம். ஆனால் அவ்வளவுதான் வந்தது.

சுண்டெலி யோசித்தாள். முகம் வாடியது. "அப்ப பரிசைத் திருப்பிக் கேப்பாங்களா?"

வாரியம் கொடுத்த பரிசு ஒரு பிளாஸ்டிக் குடம். நீலக் குடம், வாரியத்தின் சின்னம் போட்டது. "அதெல்லாம் கேக்க மாட்டாங்க. பயப்படாத" என்றார் டீச்சர். "ரொம்ப உபயோகமா இருக்கு டீச்சர், எங்ககிட்ட குடமே பத்தல" என்றார் அம்மா.

தெருமுனையில் ஹாரன் கேட்டது. லாரி. பேச்சு அப்படியே நின்றது. தெருவே குடத்தோடு ஓடியது. அந்த அம்மா இரண்டு கையிலும் குடங்களைத் தூக்கிக்கொள்ள, டீச்சர் நீலக் குடத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். வரிசையில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் வழிவிட்டார்கள். "டீச்சர் முன்னாடி போங்க, நீங்க எதுக்கு நிக்கிறீங்க?" டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

குழாயை மாட்டிக்கொண்டிருந்த லாரிக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்ட சந்தோஷம் அவர் முகத்தில்.

"நீங்க அந்த ஸ்கூல் டீச்சர்தானே? அன்னிக்கு ஒரு வண்டி முழுக்க உங்க ஸ்கூல்லதான் இறக்கினேன். ரெண்டு நாள் இந்தப் பக்கமே வர முடியல."

வரிசை திரும்பிப் பார்த்தது. யாரும் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"பரவாயில்ல விடுங்க" என்றார் சுண்டெலியின் அம்மா, மற்றவர்களுக்கும் சேர்த்து. "புள்ளைங்க படிப்புக்குத்தானே."

அதை அப்படியே விட்டிருக்கலாம். தப்பித்துக்கொள்ள வழி தானாக வந்து நின்றது. டீச்சர் குடத்தைக் கீழே வைத்தார்.

"படிப்புக்கு இல்லீங்க. முற்றத்துல ஒரு நீரூற்று வெச்சாங்க, அதுக்கு. உங்க தெரு லாரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். மறுநாள் எல்லாத்தையும் சாக்கடையில விட்டுட்டாங்க."

லாரிக்காரர் தண்ணீரைத் திறந்தார். முதல் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு வயதான மனிதர், ஏதோ கல்யாண வீட்டை விசாரிக்கிற மாதிரி, கேட்டார்.

"எப்படி இருந்துச்சு டீச்சர்? நல்லா இருந்துச்சா?"

டீச்சருக்கு முகம் எரிந்தது. பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டு ஆள் உயரத்துக்குப் போச்சு."

"இல்ல டீச்சர்" என்றாள் சுண்டெலி. வரிசையிலிருந்து வெளியே வந்து, கால் கட்டைவிரலில் எக்கி, கையை எட்டுகிற வரைக்கும் மேலே தூக்கிக் காட்டினாள். "மூணு ஆள் உயரம்."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் அவள் கை காட்டிய இடத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.